அடியிலிருக்கும் நாலு சுவிட்ச்

இசைத்தட்டு கேட்கப் போனோ ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அப்புறம் அழகைப் பார்க்கிறார்கள். பெட்டியைக் கவிழ்த்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. இன்ஸ்பெக்டர் சார், என் கணவரின் துணிப்பையை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது உள்ளேயிருந்த பெட்டியைக் காட்டி இது எதற்கு என்று கேட்டீர்கள். கூடத்தில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். ரேடியோ மாதிரி ஒன்று என்று சொல்லி வைத்தேன். அது சரியான பதில் இல்லை. எனக்கு மராத்தி பேச வரும், இவ்வளவு எழுத வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். உங்களுடன் வந்த தாராவித் தமிழ்க் கான்ஸ்டபிள் படித்துச் சொல்வார்.

இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசியிலிருந்து வருவது மிகவும் சன்னமான சத்தம். அதை ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற அளவு தூக்கிக் கொடுப்பதுதான் இந்தப் பெட்டியின் வேலை. எந்த வகை ஊசி, எவ்வளவு தூக்க வேண்டும், மேல் ஸ்தாயி எவ்வளவு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அடியிலிருக்கும் நாலு சின்ன சுவிட்சுகள் தீர்மானிக்கும். தாதரில் ஒரு கடையில் ஏழு பெட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். அதில் இதைத் தேர்ந்தெடுத்தது நான்.

அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்கமாட்டார். தட்டு ஓடும்போது என் முகத்தைப் பார்ப்பார். என் புருவம் சுருங்கினால் இரைச்சல் இருக்கிறது என்று அர்த்தம். முகம் இளகியிருந்தால் எல்லாம் சரி. உடனே கடைக்காரர் பக்கம் திரும்பி, இதுதான் சுத்தமாக இருக்கிறது என்பார். மாட்டுங்காவிலேயே ஜகந்நாதனுக்குத்தான் காது என்று அவருடைய சிநேகிதர்கள் சொல்வார்கள். நான் காபி கொடுத்துக்கொண்டே கேட்டுச் சிரித்துக்கொள்வேன். எனக்கு அதில் வருத்தமில்லை. முப்பத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் அவர் என்னைக் கூர்ந்து பார்த்தது அந்த நேரங்களில்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் காது மந்தமாக ஆரம்பித்தது. அடுக்களை வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே, குக்கர் இன்னும் கூவவில்லையா என்று கேட்டார். அது மூன்று தடவை கூவி முடித்திருந்தது. அன்று சாயங்காலம் அவருக்குப் பிடித்த வயலின் தட்டைப் போட்டுவிட்டு, முகம் வாடிப்போய், "தட்டு தேஞ்சுடுத்தா ருக்கு?" என்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. மறுநாள் அவர் குளிக்கப் போனபோது பெட்டியைக் கவிழ்த்து மேல் ஸ்தாயியைக் கூட்டும் சுவிட்சைத் தள்ளி வைத்தேன். சாயங்காலம் அவருக்கு ஒரே சந்தோஷம். தீபாவளி கழிந்ததும் நல்ல காது டாக்டரிடம் அழைத்துப் போகலாம் என்றிருந்தேன். இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

அப்போதெல்லாம் சனிக்கிழமை தவறாமல் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு செம்பூருக்குப் போவார். சிநேகிதர் மகாதேவன் வீட்டில் இரண்டு பேருமாக உட்கார்ந்து கேட்பார்களாம். ஒரு சனிக்கிழமை பெட்டி திரும்பி வந்தபோது ஊசியின் வகையைக் குறிக்கும் சுவிட்ச் மாறியிருந்தது. எங்கள் வீட்டிலும் மகாதேவன் வீட்டிலும் ஒரே வகை ஊசி. அது எனக்குத் தெரியும். செம்பூரில் வேறு யாரோ வீட்டில், வேறு ஊசியோடு இந்தப் பெட்டி பாடியிருக்கிறது. சுவிட்சைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தேன். மகாதேவன் இரண்டு வருஷம் முன்பே டோம்பிவிலிக்குக் குடிபோய்விட்டார் என்பது பிறகு தெரிந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் போன் அடித்தும் அசையவில்லை. திரையில் மகாதேவன் என்று பேர். எடுத்தால் பெண் குரல். தன் பேர் கீதா என்றாள். இவர் அதே மாதிரி பெட்டி ஒன்றைத் தன் காதால் தேர்ந்தெடுத்துத் தனக்கும் வாங்கிக் கொடுத்ததாகவும், காலையிலிருந்து அதில் ஒரே இரைச்சல் என்றும் சொன்னாள். மரியாதையான பெண். "தொந்தரவுக்கு மன்னிக்கணும் மாமி. உங்களுக்குப் பாட்டுன்னாலே தலைவலின்னு சார் சொல்லியிருக்கார்" என்றாள்.

எர்த் வயர் தளர்ந்திருக்கும், பின்பக்கத்துத் திருகை முடுக்கிப் பார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, இரைச்சல் போய்விட்டது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வேறொருத்தி இருக்கிறாள் என்பதைக்கூட நான் எப்படியாவது ஜீரணித்திருப்பேன். அந்தத் தலைவலியைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. என் காதை எடுத்துப்போய்த் தன் காது என்று அவள் வீட்டில் காட்டிவிட்டு, எனக்குக் காதே கிடையாது என்று சொல்லியிருக்கிறார். முப்பத்தாறு வருஷமும் என்னைப் பார்த்து ஏளனம் செய்தது மாதிரி இருந்தது. அவர் எழுந்ததும் காபி கொடுத்தேன். போன் வந்ததைச் சொல்லவில்லை.

தீபாவளி வந்தது, போனது. டாக்டர் பேச்சை நான் எடுக்கவில்லை. மாதம் ஒரு தடவை சுவிட்சைப் பார்த்தேன். தள்ள இடமில்லாமல் போனதும் பெரிய ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டினேன், ஸ்பீக்கரை அவர் நாற்காலிப் பக்கம் நகர்த்தினேன். காலிங் பெல்லைக் கட்டைக் குரலில் அடிக்கிற பெல்லாக மாற்றினேன். டி.வி.யில் எழுத்து ஓடும்படி செய்தேன். குக்கரை நானே எண்ணி இறக்கினேன். அந்த இரண்டரை வருஷம் ஒரு புருஷனை அவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட பெண்டாட்டி மாட்டுங்காவில் இருந்திருக்கமாட்டாள். தன் காதில் குறை இருக்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

கீதாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் வீட்டில் யாரும் சுவிட்சைத் தள்ளவில்லையே. போன வெள்ளிக்கிழமை தட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "என் காது மந்தமாயிடுத்துங்கறான் மகாதேவன். டாக்டரைப் பாருங்கறான். உனக்கு அப்படித் தோண்றதா?"

"உங்க காதுக்கு என்ன?" என்றேன். "அங்கே செட்டிங் சரியில்லையா இருக்கும்."

அவருக்கு உயிர் வந்தது. நாளைக்கே நம் பெட்டியை எடுத்துப்போய், அதைப் பார்த்து அங்கேயும் அப்படியே வைத்துவிடுகிறேன் என்றார்.

முட்டிவலியால் அவர் ஸ்டேஷன் பாலம் ஏறுவதில்லை. சுவரில் இருக்கும் உடைப்பு வழியாகத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் பிளாட்ஃபாரத்துக்குப் போவார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. ஃபாஸ்ட் வண்டி மாட்டுங்காவில் நிற்காது. அது தாதரை விட்டுக் கிளம்பும்போதே தனக்குக் கேட்டுவிடும் என்று அவர் பெருமையாகச் சொல்வார். பத்து வருஷத்துக்கு முன்னால் அது உண்மையாகக்கூட இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை கொத்தமல்லி வாங்க வேண்டும் என்று நானும் கூடப் போனேன். உடைப்புக்கு அந்தப் பக்கம் ஸ்லோ வண்டி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளே இன்னொரு வண்டியைத் தனியாகப் பிரித்துக் கேட்க நல்ல காது வேண்டும். நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: அம்மா, வண்டி வருகிற சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லையா. வயதாகிவிட்டது சார் என்றேன். நீங்களும் பரிதாபப்பட்டு அப்படியே எழுதிக்கொண்டீர்கள்.

கேட்டது. தாதரை விட்டதிலிருந்தே கேட்டது. அவர் தண்டவாளத்துக்கு முன்னால் நின்றார். பையை மாரோடு அணைத்துக்கொண்டு திரும்பி, தட்டு ஓடும்போது பார்ப்பாரே, அதே மாதிரி என் முகத்தைப் பார்த்தார். நான் முகத்தை இளக்கி வைத்துக்கொண்டேன். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு இறங்கினார்.

நீங்கள் எழுதியதில் விபத்து என்பதை அடித்துவிடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கீதாவை விசாரிக்கப் போனால் ஒன்று மட்டும் அவளிடம் சொல்ல வேண்டும். காது மந்தம் என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. கடைசிவரைக்கும் என்னைத்தான் நம்பினார்.