ஒரு சாயா நேரத்து வெளிச்சம்

என் ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே ஒரு சாயாக்கடை இருக்கிறது. பழைய கார்களின் ஹெட்லைட்டைச் சரிசெய்தால், அதை எரியவிட்டு அங்கே போய் ஒரு சாயா குடிப்பேன். குடித்து முடிக்கும்வரை அணையாவிட்டால் வண்டியைக் கொடுத்துவிடலாம். பாறசாலை மெக்கானிக்குகளுக்கு அதுதான் பரிசோதனை.

குற்றாலிங்கம் சார்மேல் எனக்குப் புகார் இல்லை. அவருடைய தாத்தா மகாராஜா காலத்துக் கணக்கப்பிள்ளை. அந்த உத்தியோகத்திலிருந்து பேரன் இன்னும் ஓய்வுபெறவில்லை, அவ்வளவுதான். அவர் வீட்டிலும் என் வீட்டிலும் பேசுவது தமிழ். கோபம் வந்தால் மட்டும் அவருக்குச் செய்தி வாசிப்பவரின் மலையாளம் வரும். ஹெட்லைட் சுவிட்ச் சுடுகிறது என்று காரைக் கொண்டுவந்தவர், "எடோ, தனிக்கு பணி அறியாமோ?" என்றார். உனக்கு வேலை தெரியுமா என்று கேட்கிறார். அந்தக் காரை இத்தனை காலம் ஓடவைத்தவன் நான். சாயாக்கடை முழுக்கச் சிரித்தது.

அவருடைய பெருமையில் கொஞ்சம் காற்றை இறக்க நினைத்தேன். ஊருக்கு அது நல்லதுதான்.

அந்தச் சுவிட்சுக்குள் ஒரு சின்னத் தகடு உண்டு. அளவுக்குமேல் சூடானால் வளைந்து விளக்கை அணைக்கும். ஆறினால் நிமிரும், விளக்கு தானே வரும். அது சீக்கிரம் சூடாகும்படி செய்துவிட்டுச் சாயா குடிக்கப் போனேன். பாதிக் கிளாஸில் அணைந்தது. கிளாஸைக் கீழே வைத்தபோது எரிந்தது. திருப்தியாக இருந்தது.

மறுநாள் அந்தியில் தனுவச்சபுரத்தில் அவருக்குப் பொன்னாடை போடுகிறார்கள். வழியில் குளத்து வளைவு. அங்கே இருட்டில் நின்று யாரையாவது தமிழில் கூப்பிடட்டும். குளம் இருப்பது தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். நீச்சல் பழகியதே அதில்தான்.

ஆனால் அன்று மாலையே வண்டியை எடுக்க அவர் மனைவி சண்முகவடிவு வந்தார்.

"மோகனண்ணே, லைட்டு செரியாச்சா? தனுவச்சபுரம் போயி மோளக் கூட்டிட்டு வரணும்."

"சாரு வரல்லியா?"

"அவியளுக்கு முட்டுவேதனையாக்கும். நாளைக்குப் பொன்னாடைல்லா, முட்டுக்கு ரெஸ்ட் குடுக்காவ. எனக்கானா இருட்டுல ஓட்டிப் பழக்கமில்ல."

இன்று வண்டி நிற்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை முடியவில்லை என்றாகும். எதிரே அதே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"செரியாச்சு. தைரியமா போங்க" என்றேன்.

விளக்கைப் போட்டார். சுவர் வெளுத்தது. "அண்ணன் கைவச்சா பின்னே கேக்கணுமா" என்று சிரித்துவிட்டுப் போனார். நான் ஒரு சாயா சொன்னேன். கிளாஸ் பாதியானபோது சாலையைப் பார்த்தேன்.

போகும் வழியிலேயே அந்த வளைவில் கார் குளத்துக்குள் போய், சண்முகவடிவு இறந்துபோனார். குளத்தில் இறங்கித் தூக்கியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். தண்ணீருக்கு அடியில் இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. ஆகவே லைட்டில் குறையில்லை, ஓட்டிய பெண்ணிடம்தான் குறை என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. தகடு தண்ணீரில் ஆறியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் துக்கத்துக்குப் போனேன். குற்றாலிங்கம் சார் என் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே அழுதார்.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் பச்சைத் தண்ணீருக்குள் அந்த வெளிச்சம். அது அணைவதில்லை. ஒர்க்‌ஷாப் சுவரில் பகலிலும் அசைகிறது.

அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நேற்று சாயாக்கடையில் பிஜு, "மோகனண்ணன் செரியாக்கின சுவிட்சுல்லா, கேடாயிருக்கும்" என்றான். நாலுபேர் தலையாட்டினார்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். சுவிட்ச் கெடவில்லை சார். நான் வைத்தபடியே வேலை செய்தது.