பூட்டிய கோப்பில் இரண்டு

அண்ணி: ...அதனாலதான் சொல்றேன் தம்பி. அந்தக் கோப்பை இன்னிக்குத் திறக்காத.

கொழுந்தன்: என்ன அண்ணி இது? கணக்கு முறை முடிவாகற வரைக்கும் யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் பூட்டினேன். முடிவாயிடுச்சு, நேத்து நீங்களே கையெழுத்துப் போட்டீங்க. நாலு மணிக்கு அதைத் திறக்கறதைப் பாக்க நாப்பது பேர் வர்றாங்க.

அண்ணி: போட்ட கையெழுத்தைத் திருப்பி வாங்கிக்கறேன். நம்ம கருவி ஓரத்துல இருக்கற ஒளி உணரி ஒண்ணு நேரத்தைத் தப்பாக் காட்டுது. ரெண்டு துகளும் ஒரே நேரத்துல வந்துச்சான்னு பாக்கற நேர வரம்பை இறுக்கணும்.

கொழுந்தன்: அவ்வளவுதானே? அஞ்சு நிமிஷ வேலை.

அண்ணி: நான் சொன்னேன்னு இறுக்காத. நீயே சோதிச்சுப் பாரு. தப்புன்னு பட்டா மாத்து. கட்டுரையில என் பேரை அடிச்சிடு.

கொழுந்தன்: அண்ணன்கூடச் சண்டையா?

அண்ணி: விளையாடாத.

கொழுந்தன்: முதல் பேரே உங்களோடது அண்ணி. ஆறு வருஷம்... வீட்ல சாப்பிடறப்பக்கூட இதே பேச்சுதானே? ம்யூவான்ங்கற துகள் சிதைஞ்சு எலக்ட்ரானும் ஒளித்துகளும் மட்டும் வர்றதை...

அண்ணி: ...தெரிஞ்ச விதிப்படி நம்ம ஆயுசுல பாக்க முடியாது. ஒண்ணு நிஜமா வந்தாலும் புது இயற்பியல்தான். ஆறு வருஷமும் வெறுங்கையாப் போயிடுமோன்னு பயம்... அதான்.

கொழுந்தன்: அதான்...?

அண்ணி: போன வாரம் திறந்து பாத்துட்டேன். நம்ம வீட்டுப் பாப்பா பிறந்தநாளைக் கடவுச்சொல்லா வெச்சிருந்த. உள்ள அந்த மாதிரி சிதைவு ரெண்டு இருக்கு தம்பி. பாத்ததும் அழுதுட்டேன். அப்புறம் பாத்தா, ரெண்டும் அந்த ஒரே உணரியிலதான். இறுக்கினா ரெண்டும் போயிடும்.

கொழுந்தன்: வாயைத் திறக்காம இருந்திருந்தா, ரெண்டும் உங்க பேர்ல நின்னிருக்கும்.

அண்ணி: நின்னிருக்கும். பொய்யா. நாலு மணிக்கு எல்லார் முன்னாடியும் நானே எழுந்து சொல்லப் போறேன்.

கொழுந்தன்: சரி...

அண்ணி: என்ன, தலையைக் குனிஞ்சுக்கிட்ட? திட்டறதுன்னா திட்டிடு.

கொழுந்தன்: எட்டிப் பாத்ததைச் சொல்லுங்க, அது சொல்ல வேண்டியதுதான். உணரியைப் பத்திச் சொல்லாதீங்க, அது நல்லாத்தான் இருக்கு. நீங்க திறந்தது, யாராவது எட்டிப் பாத்தாத் தெரியணும்னு நான் வெச்ச போலிக் கோப்பு; அந்த ரெண்டும் நானே செஞ்சது. நிஜக் கோப்பைப் பாப்பா பிறந்தநாள்லயா பூட்டுவேன்? அதை இன்னும் யாருமே பாக்கல, நானும்தான். நீங்க திறந்த அன்னிக்கே எனக்குத் தகவல் வந்துடுச்சு அண்ணி... நீங்களா வந்து சொல்லணுமேன்னு ஒரு வாரமா நான் தூங்கல.