குடைக்குள் தெரிந்த பச்சை

வயலில் லேப்டாப் வைத்து வேலை பார்க்கிறவனுக்கு முதலில் வேண்டியது ஒரு கறுப்புக் குடை ஐயா. நீடாமங்கலத்து வெயிலில் திரை தெரியாது. குடைக்குள் தலையை விட்டிருப்பவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ராக்கெட் விடுவது பிரகதீசனுடைய ஆசை. ஆளுயரக் குழாய், அவ்வளவுதான். மேலே போகும்போது அது ரேடியோவில் அனுப்பும் உயரம், வேகம், படம் எல்லாவற்றையும் தரையில் பிடித்துக் காட்டுகிற மென்பொருளை அமைத்தவன் நான். அவன் நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. என் அப்பா தங்கையன் அவர்களுடைய குத்தகைக்காரர். ஆனாலும் எங்கள் வீட்டு மீன்குழம்புச் சட்டியை வழித்துச் சாப்பிட்டு வளர்ந்தவன் அவன்.

"மாப்ள, ராக்கெட் எறங்க எடம் வேணும். இந்தச் சம்பாவுக்கு வடக்கு வயல்ல நடவு வேணாம்னு உங்கப்பாகிட்ட சொல்லேன்" என்றான். சொன்னேன். அப்பா சிரித்துக்கொண்டே வயலைச் சும்மா போட்டார்.

ராக்கெட் மேலிருந்து எடுத்த படத்தில் சுற்றிலும் பயிர், நடுவில் எங்கள் வயல் மட்டும் தரிசு. அவன் வீட்டார் போட்ட குத்தகை வழக்கில் அந்தப் படத்தைக் காட்டிப் பிரகதீசனே சாட்சி சொன்னான். குத்தகைக்காரன் சாகுபடியைக் கைவிட்டுவிட்டானாம். ஆட்சிகள் மாறி மாறிப் போட்ட சட்டமெல்லாம் உழுகிறவனுக்குத்தான் காவல். தாத்தா காலத்து நிலம் கைவிட்டுப் போயிற்று. "நீ சொல்லித்தானடா போட்டேன்" என்றார் அப்பா. அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை.

பிரகதீசனிடம் கேட்டேன்.

"படத்துல இருக்கறதத்தானே மாப்ள சொன்னேன். அதுல என்ன பொய்யி?" என்றான். அடுத்த ராக்கெட்டுக்கு வருவாயா என்றும் கேட்டான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன், கொஞ்சம்கூடக் கூசாமல் கேட்டான். வருகிறேன் என்றேன்.

அவனுக்கு ஒரு வழக்கம். கிளப்புவதற்கு முன் தானே போய்க் குனிந்து, ராக்கெட்டின் வாலில் சந்தனப் பொட்டு வைப்பான். மூக்கில் வைத்தால் காற்றுக்குத் தடையாம். பற்றவைக்கும் இணைப்பு துண்டித்திருந்தால் என் திரையில் பச்சை, சேர்ந்திருந்தால் சிவப்பு. பச்சை என்று நான் சொன்னால்தான் கிட்டே போவான்.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் மென்பொருளில் சின்னதாக ஒரு மாற்றம் செய்தேன். எப்படி இருந்தாலும் பச்சையே காட்டும்.

அதே வடக்கு வயல். இணைப்பைச் சேர்த்தே வைத்திருந்தேன். சந்தனக் கிண்ணத்தோடு நின்று குரல் கொடுத்தான்.

"மாப்ள, பச்சையா?"

"பச்சைதான். போ."

அவன் நன்றாகக் குனிகிற வரைக்கும் காத்திருந்தேன். பிறகு பற்றவைக்கும் பொத்தானை அழுத்தினேன். சத்தம் அடங்கியதும் குடையை மடக்கி வைத்தேன்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பொய் சொல்லிக் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள் ஐயா. திரையில் இருந்ததைத்தான் சொன்னேன்.