முள் ஆடவில்லை

— அக்கா, நம்ம வீட்டு பல்பு இம்புட்டு வெள்ளையா எரிஞ்சு நான் பாத்ததே இல்ல. கதவிடுக்கு வழியா வாசல் வரைக்கும் வெளிச்சம்!

— ஏ ரோஜா, அந்தப் பூஸ்டர் பெட்டிக் குமிழ் எங்கன நிக்குது?

— எப்பவும்போலக் கடைசியிலதான். அழுது வடியிற கரண்டுக்கு அதை ஏத்தி வச்சாத்தான பல்பே எரியும்?

— இப்ப அழுது வடியலடி! சப்ஸ்டேஷன்ல இருந்துதான் பேசுறேன். வோல்டேஜைத் தூக்கிப் பிடிக்கிற கெபாசிட்டரை லைன்ல இப்பத்தான் போட்டாக. வீட்டுக்கு முழுக் கரண்டு வருது. அதை நம்ம பெட்டி இன்னும் ஏத்தும். பல்பு வெடிச்சிரும். போயி அணை.

— பெட்டி உள்ள இருக்குக்கா. அம்மா தாப்பா போட்டுக்கிட்டுத் திரி சுத்துது.

— வீட்டுலயா? வெடிமருந்தோடயா?

— பட்டாசுக் கம்பெனிக்குத்தான் சீல் வச்சிட்டாகளே. போர்மேன் மூட்டையை வீட்டுக்கே அனுப்பிட்டாரு. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுச்சு. நீதான் கத்துவியே.

— மீட்டர்ல பீஸ் கட்டையைப் புடுங்குடி!

— அதுவும் உள்ளதான்.

— அப்பக் கதவைத் தட்டு!

— தட்டுனாத் தெறக்காது. ஆபீசர் வந்துட்டாருன்னு மூச்சடக்கி உக்காந்துக்கும்.

— என் பேரைச் சொல்லிக் கத்து, போனை வச்சிராத. சார், லட்சுமிகாந்தம் சார்! கெபாசிட்டரைக் கழட்டச் சொல்லுங்க, இப்பவே!

— சுகிர்தா, விளையாடுறியா? சீஃப் கெஸ்ட் பட்டனை அமுக்கினப்போ போட்ட மாலை இன்னும் வாடலை. மீட்டரைப் பாரு, நூத்திப்பத்து கேவி. முள்ளு ஆடாம நிக்குது.

— ரோட்டுக்கு அந்தப்பக்கம் எங்க ஊரு சார். வீட்டுக்கு வீடு பூஸ்டர் இருக்கு. ஆட்டோவுல மைக்கு கட்டி, குமிழை எறக்கி வைங்கன்னு சொல்லணும்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். பந்தல் போட ஆளு இருந்துச்சு, மைக்குக்கு ஆளில்லை!

— பூஸ்டர் வைக்கிறதே தப்பும்மா. அதுக்கு நாம பொறுப்பா? ரெண்டு வருஷமா கெபாசிட்டர் கெபாசிட்டர்னு என் உயிரை வாங்கினது யாரு?

— நாந்தான். இப்பக் கழட்டச் சொல்றதும் நாந்தான். தள்ளுங்க, நானே ஆஃப் பண்றேன்.

— பேனல்ல கை வச்சே, நாளைக்கு உனக்கு வேலை இருக்காது.

— அந்த வேலையை நீங்களே வச்சுக்கோங்க. கையை விடுங்க சார்! ரோஜா, தெறந்துச்சா?

— எந்திரிச்சிருச்சுக்கா. ‘எவடி அவ, கூப்பாடு போடுறவ’ன்னு வையுது. பல்பு கண்ணைப் பறிக்குது, நீலமாத் தெரியுதுக்கா. இந்தா, தாப்பாளை நீக்குற சத்தம்...

— ரோஜா? ஏ ரோஜா? பேசுடி!

— கேட்டியாம்மா வெடிச் சத்தத்தை? நல்ல கரண்டு வந்ததுக்கு உங்க ஊரே வெடி போட்டுக் கொண்டாடுது. நீ என்னடான்னா அழுதுக்கிட்டு நிக்கிறே.