செங்கல்லு மேல உக்காராதீக

ஐயா, ஐயா, அந்தச் செங்கல்லு மேல மட்டும் உக்காராதீக. பந்தல் நிழலுக்குத்தான ஒதுங்குனீக, இந்தா, பாயில உக்காருங்க. வேட்டியத் திருப்பிப் பாருங்க, ஒட்டிக்கிருச்சா? தட்டுனா போகாது, கருப்பட்டி. தண்ணி தொட்டுத் தொடைங்க, இல்லாட்டி எறும்பு வந்துரும்.

ஆமா, கருப்பட்டிதான். அதுக்கு ஏன் போர்டப் பாக்குறீக? சரியாத்தான் போட்டிருக்கு. சாகும்வரை உண்ணாவிரதம். ஊருக்குப் பஸ் விடு, இல்ல பாடையக் கொண்டா. வாசகம் நான் எழுதுனது. அறுபத்தஞ்சுல இந்தி எதிர்ப்புல ஜெயிலுக்குப் போனவன்யா நான். அங்கன தலைக்குச் செங்கல்ல வச்சுப் படுத்தேன். அதுலருந்து எந்த நோட்டீசு அடிச்சாலும், செங்கல்லைத் தலையணையாக்கிய சிங்கம்னு போட்டாத்தான் அச்சாபீசுக்காரனுக்கே திருப்தி.

ஆனா போன உண்ணாவிரதத்துல மூணாம் நாளே சிங்கம் சாஞ்சிருச்சு. தூக்கிட்டுப் போயி குளுக்கோஸ் ஏத்திட்டாக. மானமும் போச்சு, கோரிக்கையும் போச்சு. அதான் வீட்டுக்காரி பிச்சையம்மா சொன்னா, எப்படியும் கல்லு வைக்கத்தான போறீக, திங்கிற கல்லா வைங்கன்னு.

நானும் ஏனோதானோன்னு செய்யல. புரதச்சத்துப் பத்தி ஒரு துண்டுப்பிரசுரம் வச்சிருந்தேன். அதப் படிச்சு, நெலக்கடல, பொட்டுக்கடல, எள்ளு எல்லாம் வறுத்து இடிச்சு, கேப்ப மாவு சேத்து, கருப்பட்டிப் பாகுல கிண்டி, காளவாசல்ல செங்கல்லு அறுக்கிற அச்சு இரவல் வாங்கியாந்து அதுல அமுக்குனோம். சொன்னா நம்ப மாட்டீக, கொத்தனாரு ஒருத்தரு வந்து தட்டிப் பாத்துட்டு, நல்லா வெந்த கல்லுன்னாரு.

சிரிக்காதீக. தின்னேன்னு எவன் சொன்னது? ஒருக்களிச்சுப் படுக்கையில வாயி படும். பட்டா நாக்கு சும்மா இருக்குமா? கல்ல நக்குனா விரதம் கெட்டுப்போகும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

கரைஞ்சதுலயும் பாதி என்கிட்டக் கரையல. இருளம்மான்னு ஒரு ஆத்தா, கல்லத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, வெரல நாக்குல வச்சுச்சு. மூச்சு விடல. மறுநாளு பேரம்பேத்திகள எல்லாம் கூட்டியாந்து வரிசையில நிறுத்தி, ஏலே, தலைவரு கல்லக் கும்பிடுங்கன்னுச்சு.

தொண்டர்களா? இருந்தாகய்யா. தாசில்தார் வருவாரு, சாறு குடுத்து முடிச்சு வைப்பாருன்னு மாலையெல்லாம் வாங்கி வச்சிருந்தாக. இப்ப கம்பம் டவுன்ல மேட்னி ஷோ பாத்துக்கிட்டிருப்பாக.

எப்படிப் போனாகளா? அந்தா ஆரன் கேக்குதுல்ல, அதுலதான். பதறாதீக, இந்தப் பந்தலத்தான் ஸ்டாப்பா வச்சிருக்கான், நிப்பான். பஸ்ஸப் போன வாரமே விட்டுட்டாக. எங்கூடக் கம்பி எண்ணுன வைகுண்டராஜ், இப்ப யூனியன் சேர்மன், மொத வண்டியில மாலையும் கழுத்துமா வந்தான். எனக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு அப்பிடியே போயிட்டான். பந்தல்ல இருந்தவுகளும் ஏறிட்டாக. பிச்சையம்மாவும் உத்தமபாளையம் சந்தைக்கு அதுலதான் போயிருக்கா. என்னைய எந்திரின்னு சொல்லத்தான் ஒருத்தருக்கும் தோணல.

நானா எந்திரிச்சா நாளைக்கு நாய் மதிக்குமா? பொண்டாட்டி சாறு குடுத்து முடிச்ச போராட்டம்னு எங்கயாச்சும் உண்டா?

கல்லும் இந்த அரைக்கல்லுதான் மிச்சம், அதுலயும் நீங்க உக்காந்துட்டீக. கண்ணாடி போட்டிருக்கீக, தோல்பை வச்சிருக்கீக, பாக்க அதிகாரி கணக்காத்தான் இருக்கீக. கையில இருக்கிற கலர் சோடாவுல ஒரு மடக்கு என் வாயில ஊத்திட்டு ஏறுங்க. அப்பிடியே பேரு என்னன்னும் சொல்லிட்டுப் போங்கய்யா, நோட்டீசுல போடணும்.