பச்சை பட்டனுக்கு முந்தின ஸ்டெப்

யுவராணி: படிக்கவா, அமுக்கவா?

திருமுருகன்: படிச்சுட்டு அமுக்கு. பேப்பர்ல இருக்கறத மட்டும் செய். நான் வாயத் தொறக்கக் கூடாது. அதான் ரூல்.

யுவராணி: நீயா? வாயத் தொறக்காமயா?

திருமுருகன்: கிண்டல் பண்ணாத. ஒரு மெஷின எப்படி ஓட்டறதுன்னு எழுதணும். ஓட்டத் தெரியாத ஆளு அதப் படிச்சே ஓட்டணும். நாளைக்கு பவுலின் மேடம் கிளாஸோட இந்த உப்பளத்துக்கே வர்றாங்க.

யுவராணி: இன்ஜினியரிங் மூணாவது வருஷத்துல இதான் பாடமா?

திருமுருகன்: டெக்னிக்கல் கம்யூனிகேஷன்டி. ஏற்கெனவே ஒரு தடவ ஃபெயில். இதுலயும் போச்சுன்னா கேம்பஸ் இன்டர்வியூல உக்காரவே விட மாட்டாங்க.

யுவராணி: அதுக்கு எங்கப்பா மோட்டார்தான் கெடச்சுதா?

திருமுருகன்: பசங்கல்லாம் மிக்ஸி, பிரிண்டர்னு எடுத்தானுங்க. நான் மட்டும்தான் எங்க மாமா பாத்திக்கு உப்புத்தண்ணி ஏத்தற மோட்டார், சின்ன வயசுலருந்து ஓட்டறேன்னு சொல்லிட்டேன்... ஆமா, மாமா எங்க?

யுவராணி: கிளியனூர் போயிருக்காரு. ஒண்ணு... மெயின் சுவிட்சைப் போடவும். போட்டாச்சு. ரெண்டு... பச்சை பட்டனை அமுக்கவும். ஓடுது. மூணு... தண்ணீர் வரும்வரை காத்திருக்கவும். காத்திருக்கேன்.

திருமுருகன்: வரும்.

யுவராணி: நீ பேசக் கூடாது... ஒரு சொட்டு வரல. நின்னுக்கிட்டு காத்திருக்கணுமா, உக்காந்தா? அதுவும் போடல.

திருமுருகன்: ஏய்... சூடாவுது பாரு, நிறுத்து!

யுவராணி: நிறுத்தறது ஏழாவது ஸ்டெப்பு. இன்னும் நாலு இருக்கு.

திருமுருகன்: யுவராணி! மோட்டார் போச்சுன்னா மாமா என்னக் கொன்னுடுவாரு!

யுவராணி: கத்தாத, நிறுத்திட்டேன். அரை நிமிஷத்துல ஒண்ணும் ஆவாது. நிறுத்தி வெச்சா பம்புல தண்ணி எறங்கிடும். மொதல்ல தண்ணி ஊத்தி நெரப்பணும். அது எங்க உன் பேப்பர்ல?

திருமுருகன்: அது... எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அதப் போயி எழுதுவாங்களா?

யுவராணி: சரி. இந்தா குடம். ஊத்து.

திருமுருகன்: இதுலயா?

யுவராணி: அது தண்ணி வெளிய வர்ற பைப்பு.

திருமுருகன்: அப்ப... இதுலயா?

யுவராணி: டேய், நீ இத ஓட்டுனதே இல்லல்ல?

திருமுருகன்: மாமா ஓட்டுவாரு... நான் வரப்புல உக்காந்து போன் பாப்பேன். யூடியூப்ல ஒரு வீடியோ பாத்துதான் எழுதுனேன். அதுல பம்பு கெணத்துத் தண்ணிக்குள்ளயே கெடந்துது.

யுவராணி: அதுக்கு எதுக்கு ஊத்தணும், அதான் முழுகிக் கெடக்கே! மேல ஒரு மூடி இருக்கு பாரு, அதத் தெற. மெதுவா ஊத்து. குமிழி வர்றது நிக்கற வரைக்கும்... போதும். இறுக்கி மூடு. இப்ப அமுக்கு.

திருமுருகன்: வருதுடி! தண்ணி வருது!

யுவராணி: சிரிச்சது போதும், எழுதிக்கோ. குமிழி நிக்கற வரைக்கும்னு சேத்து எழுது.

திருமுருகன்: எழுதிட்டேன்... உனக்கு எப்படி இதெல்லாம்?

யுவராணி: பாத்திருக்கேன்.

திருமுருகன்: அப்ப ஓகே. நாளைக்கு மேடம் முன்னாடி நீதான் ஓட்டணும். இந்த மெஷின இதுக்கு முன்னாடி தொட்டதே இல்லன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிடு.

யுவராணி: முடியாது.

திருமுருகன்: ஏன்டி? என் லைஃபுடி!

யுவராணி: அப்பா கிளியனூர் போகல. தோள்பட்டை எறங்கி ரெண்டு மாசமா வீட்லதான் படுத்திருக்காரு. தெரிஞ்சா உப்பள மொதலாளி பாத்திய வேற ஆளுக்குக் குடுத்துடுவாருன்னு யாருகிட்டயும் சொல்லல. தினம் விடியறதுக்குள்ள வந்து இத ஓட்டிட்டு காலேஜ் போறது நான்தான். நாளைக்கு மேடம் முன்னாடி, எழுதுனது யுவராணின்னு சொல்லு. தொட்டதே இல்லாத ஆளு நீ... நீ படிச்சு ஓட்டு.