டேங்கில் பதிந்த கை

— நான் தொடலே மாப்ளே. சத்தியமா தொடலே.

— நீங்க தொட்டீங்கன்னு யாரு மாமா சொன்னது? மெஷின்கிட்ட நின்னு காத்து வால்வைத் திறங்க, நான் குழாய் முனையில நாசிலைப் பிடிக்கிறேன்னுதானே சொன்னேன்.

— சொல்ற தோரணை இருக்கே! உன் அக்காவுக்கும் இதே தோரணைதான். சர்க்கரை எடுத்தீங்களான்னு கேட்க மாட்டா, டப்பாவை மெதுவா மூடுவா.

— மணி ரெண்டரை மாமா. நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். டேங்க்ல இடப்பக்கம் நீங்க துரு உரிச்சது, வலப்பக்கம் நான் உரிச்சது. எவன் பக்கம் சுத்தமோ அவன் மேஸ்திரி. என் பக்கத்தைப் பாருங்க, நட்ட நடுவுல அஞ்சு விரலும் துருவாப் பூத்து நிக்குது.

— உரிச்ச இரும்பு புதுசாப் பொறந்த குழந்தை. வேர்வைக் கை பட்டா ரெண்டு மணி நேரத்துல துரு வந்துரும். இருபத்திரெண்டு வருஷமா இரும்புக் குருணையைக் காத்துல பீச்சி கிரிட் அடிக்கிற எனக்கு இது தெரியாதா?

— அதான், அந்த ஒரு சாண் இடத்துல மறுபடி கிரிட் அடிச்சா போயிரும். பத்து நிமிஷம். வால்வை மட்டும் திறங்க.

— முழங்கால் பிடிச்சிருக்கு.

— வால்வைக் கையாலதானே திறக்கணும்?

— எனக்கு ரெண்டுக்கும் ஒரே நரம்பு.

— மாமா...

— நாசிலைப் பிடிச்சு மூணு வருஷம் ஆகலே, துரைக்கு மேஸ்திரி வேலை கேக்குது! நான் ஒரு தடவை ஒரு டேங்க் அடிச்சேன். துரு போயி இரும்பு வெளுத்த அந்த வெள்ளையைப் பாத்து நிலா வெக்கப்பட்டு அன்னிக்கு வரவே இல்லே. எழுதி வச்சுக்கோ.

— அமாவாசையா இருந்திருக்கும்.

— மறுநாளும் வரலே. நீ பேச்சை மாத்தாதே. நான்தான் கை வச்சேன்னு உன் மனசுல ஓடுது. இந்தா, என் கையைப் பக்கத்துல வச்சுக் காட்டறேன்...

— ஐயோ, தொடாதீங்க! தள்ளியே பிடிங்க!

— பாத்தியா? என் கை முறம் மாதிரி. இது சின்னக் கை. சுண்டுவிரல் வேற வெளியே கோணிக்கிட்டு... இரு, இரு. கதவுல நசுங்கின விரல் இது.

— யார் கையா இருந்தா என்ன மாமா?

— என் பொண்டாட்டி கைடா! அவ எப்போ இங்கே வந்தா?

— மத்தியானம். நீங்க கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்களாம், கொடுக்க வந்தா. நீங்க சாப்பிட்டுத் தூங்கிட்டிருந்தீங்க. குறட்டையைக் கேட்டு கம்ப்ரஸர் ஓடுதுன்னு நினைச்சுட்டா. எழுப்ப வேணாம்னு போயிட்டா.

— கண்ணாடி எனக்கெதுக்கு? கண்ணை மூடிக்கிட்டே அடிப்பேன்.

— தெரியுது மாமா. உங்க பக்கம் வரிவரியா இருக்கு.

— அதை விடு. உன் பக்கத்தைத் தொட்டாளா?

— தடவிப் பாத்தா. தொடாதேன்னு நான் கத்துறதுக்குள்ள...

— ரொம்ப நேரமா?

— கொஞ்ச நேரம்.

— சிரிச்சாளா?

— ம்.

— சரிதான். இருபத்திரெண்டு வருஷமா உடம்பெல்லாம் தூசியா வீட்டுக்குப் போறேன். சட்டையை வெளியே உதறுங்கன்னு சொல்வாளே தவிர, இன்னிக்கு என்ன அடிச்சீங்கன்னு ஒரு நாள் கேட்டதில்லே. தம்பி வேலைன்னதும் தடவுறா, சிரிக்கிறா! மேஸ்திரி வேலையும் உனக்கு, அவ சிரிப்பும் உனக்கா? வால்வைத் திறக்க மாட்டேன். துரு இருக்கட்டும். இன்ஸ்பெக்டர் கண் குளிரப் பாக்கட்டும். எழுதி வச்சுக்கோ.

— மாமா, எது யார் அடிச்ச பக்கம்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

— நீ சொல்லியிருப்பே, பெருமையா.

— சொன்னேன். "உன் மாமா அடிச்சது எதுடா?"ன்னு கேட்டா. இதுதான்னு நான் என் பக்கத்தைக் காட்டினேன்.